வழுவழு ஹம்முஸ், பெர்லின் குழாய்த் தண்ணீரில்

பெர்லின் சோனன்அல்லே தெருவின் அரபுக் கடைகளில் சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு சூப்பர்மார்க்கெட் டப்பா ஹம்முஸ் (கொண்டைக்கடலையும் எள் விழுதும் சேர்த்து அரைக்கும் அரபுத் துவையல்) இறங்கவே இல்லை. வீட்டிலேயே செய்யப் போய், மூன்று முறை சொதப்பிய பிறகு கைவந்த முறை இது.

250 கிராம் வெள்ளைக் கொண்டைக்கடலையை அரை தேக்கரண்டி சமையல் சோடாவோடு இரவே ஊறப்போடுங்கள். நான் கவிழ்ந்தது இங்கேதான். பெர்லின் தண்ணீர் கடினநீர். கெட்டில் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்புதான் கடலையின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பசையையும் இறுக்கிவிடுகிறது. ஒன்றரை மணி நேரம் கொதித்தும் கடலை நறுக்கென்றே நின்றது. சோடா போட்டோமே என்று பாக்கெட்டைப் பார்த்தால் 'பாக்புல்வர்'. அது பேக்கிங் பவுடர், அமிலமும் சேர்ந்தே இருக்கும், இதற்கு உதவாது. சமையல் சோடாவுக்கு இங்கே கடையில் 'நாட்ரான்' என்று கேளுங்கள்.

காலையில் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரும் கால் தேக்கரண்டி நாட்ரானும் சேர்த்து வேகவையுங்கள். சுண்டல் பதம் போதாது, இரு விரலில் நசுக்கினால் கூழாக வேண்டும். மிதக்கும் தோலை அள்ளிவிட்டால் போதும், ஒவ்வொன்றாக உரிக்கும் பொறுமை எனக்கில்லை. குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், நுரை பொங்கி வெயிட் போடும் துளையை அடைக்கும்.

அப்புறம் தாஹினி, அதாவது எள் விழுது. வெளிர்நிறமாகப் பார்த்து வாங்குங்கள், அடர்நிறம் எனக்குக் கசக்கிறது. இரண்டு பல் பூண்டை நசுக்கி, உப்போடு ஒன்றரை எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் போட்டு வைத்தால் காரம் அடங்கும். வடிகட்டிய சாற்றை 150 கிராம் தாஹினியில் ஊற்றிக் கலக்கியதும் கெட்டியாகித் திரிந்த மாதிரி தெரியும். பயந்து எண்ணெய் ஊற்றாதீர்கள்! ஐஸ் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கலக்க, சட்டென்று வெளுத்து இளகிவிடும்.

கடலையை வடித்து, கை பொறுக்கும் சூட்டில் முதலில் தனியாக அரைத்து, பிறகு தாஹினியும் ஒரு சிட்டிகை சீரகப் பொடியும் சேர்த்து அரையுங்கள். ஹேண்ட் பிளெண்டர் திப்பி விடும்; ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸிக்கே என் ஓட்டு, பிளக் மட்டும் மாற்றினால் இங்கே ஓடும். ஆலிவ் எண்ணெய் மேலே ஊற்ற மட்டும்.

பின்சேர்க்கை: டின் கடலையில் ஆகாதா என்று இரண்டு பேர் கேட்டார்கள். ஆகும், கழுவி நாட்ரானோடு இருபது நிமிடம் கொதிக்கவிடுங்கள். மறுநாள் ஃபிரிட்ஜில் இறுகியிருந்தால் ஒரு கரண்டி தண்ணீர் விட்டு அடித்துக்கொள்ளலாம்.