மஞ்சுவிரட்டுக்கு முன்பே தொடங்குங்கள்

சிராவயலில் தையில் மஞ்சுவிரட்டு, அரளிப்பாறையில் மாசி மகத்தன்று. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இளவட்டங்களின் சண்டையைத் தடுக்க நினைக்கும் ஊர்க்காரர்கள் கார்த்திகையிலேயே வேலையை ஆரம்பித்துவிட வேண்டும். டீக்கடையில் இடித்த தோள், ஸ்டேட்டஸில் வைத்த ஒரு வரி, கையில் கட்டிய கயிற்றின் நிறம் என்று மாதக்கணக்கில் ஊறிய பகைதான் திருவிழாக் கூட்டத்தில் வெடிக்கிறது.

முதல் வேலை ஒரு குழு சேர்ப்பது: 14 முதல் 18 வயது வரை 15 பையன்கள், அவர்களுக்கு இரண்டு பொறுப்பாளர்கள். பொறுப்பாளர்கள் 35 வயதுக்குள், வெவ்வேறு தெருக்காரர்களாக, பையன்கள் 'அண்ணே' என்று கூப்பிடக்கூடியவர்களாக இருக்கட்டும். கட்சியிலோ சங்கத்திலோ பதவியில் இருப்பவர் வேண்டாம். அவர் நியாயமே பேசினாலும் எதிர்த் தெருவில் எடுபடாது.

வம்புக்காரப் பையன்களை மட்டும் பொறுக்கி ஒன்றாக உட்கார வைப்பதுதான் பல ஊர்களிலும் நடக்கும் தவறு. ஒருவனுடைய வீரதீரப் பேச்சு இன்னொருவனுக்குப் பாடமாகிவிடும். 15 பேரில் நான்கைந்து பேர் அப்படி இருந்தால் போதும். சிறையைக் காட்டி மிரட்டவும் வேண்டாம். அமெரிக்காவில் 'ஸ்கேர்டு ஸ்ட்ரெய்ட்' என்ற பெயரில் அப்படிச் செய்ததை ஆராய்ந்தபோது, போய்வந்த பையன்களிடம் குற்றம் கூடியிருந்தது.

கூடும் இடம் அரசுப் பள்ளி மைதானம். கோயில் திடலும் ஊருணிக் கரையும் வசதிதான். ஆனால் அங்கே கால் வைக்கத் தயங்கும் பையன் ஒருவன் இருப்பான், அவன்தான் கட்டாயம் வரவேண்டியவன்.

வாரம் இரண்டு மாலை, 90 நிமிடம். முதல் 40 நிமிடம் கபடி. தெருவுக்குத் தெரு அணி பிரித்தால் பழைய சண்டைக்குக் கோடு போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஏழு பேர் அணியில் ஒரு தெருவிலிருந்து நான்கு, மற்றதிலிருந்து மூன்று என்று கலந்து போடுங்கள். மிஞ்சும் பதினைந்தாமவன் நடுவர். முதல் வாரம் விசிலை அதிகம் முரண்டு பிடிப்பவனிடம் கொடுத்துப் பாருங்கள்.

பிறகு சுண்டல், டீ, பேச்சு. சிகாகோவில் பையன்களுக்காக நடத்தும் 'பிகமிங் எ மேன்' நிகழ்ச்சியில் செய்யும் பயிற்சி ஒன்று நம் ஊருக்கும் நன்றாகப் பொருந்தும். ஒருவன் பந்தை இறுக்கிப் பிடித்திருப்பான், ஜோடிக்காரன் 30 வினாடிக்குள் அதை வாங்க வேண்டும். விரலைப் பிரிப்பான், மணிக்கட்டை முறுக்குவான். "குடுடா" என்று கேட்பவன் அபூர்வம். முடிந்ததும் பந்து வைத்திருந்தவனிடம், "கேட்டிருந்தா குடுத்திருப்பியா?" என்று மட்டும் கேளுங்கள். அதற்கு மேல் விளக்கம் சொன்னால் பயிற்சி கெட்டுவிடும். அந்த நிகழ்ச்சி நடந்த காலத்தில், அதில் சேர்ந்த பையன்களிடம் வன்முறைக் குற்றக் கைதுகள் 45 முதல் 50 சதவீதம் வரை குறைந்தன. நிறுத்திய பிறகு அந்தப் பலன் நீடிக்கவில்லை. ஆகவே மாசியோடு கடையைக் கட்டாதீர்கள்.

இடையில் கைகலப்பு நடந்துவிட்டால் அன்றிரவே இரு வீட்டுக்கும் தனித்தனியாகப் போக வேண்டும். முதலில் ஸ்டேட்டஸை எடுக்கச் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட் பரவிவிட்டால் சமாதானம் பேசுவது இரட்டை வேலை. பஞ்சாயத்தில் நிறுத்திக் காலில் விழ வைப்பது மட்டும் கூடவே கூடாது. விழுந்தவன் அதை மறக்க மாட்டான், அவன் தம்பியும் மறக்க மாட்டான்.

எதை ரகசியமாக வைக்க மாட்டோம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்: அரிவாள், தாக்கப் போகும் திட்டம், சிறார் மீதான பாலியல் கொடுமை. காவல் நிலையத்துக்குப் போகும்போது குழந்தைகள் நலக் காவல் அலுவலரைக் கேளுங்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்படி 18 வயது நிரம்பாதவனை லாக்கப்பில் வைக்கக்கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அவன் பெயரும் படமும் வெளியே வரக்கூடாது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் அதில் சேரும். உதவிக்கு, குழந்தைகள் உதவி எண் 1098.

திருவிழா அன்று ஒருவரையும் சும்மா நிற்க விடாதீர்கள். தண்ணீர்ப் பந்தல், முதலுதவி, வண்டி நிறுத்தம் என்று வேலை பிரித்து, தெருவுக்கு ஒருவனாக ஜோடி சேர்த்து, பெயர்ப் பட்டியலை முந்தின நாளே பையன்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.