சொந்த இணையதளம்: நான் செய்து முடித்த தவறுகள், நீங்களாவது தவிருங்கள்

என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவன் போன வாரம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். தன் தளத்தை அடியோடு மாற்றியிருந்தான். புது எழுத்துரு, புது நிறம், தட்டியதும் திறக்கும் பக்கங்கள். நிஜமாகவே அழகாக இருந்தது. அவன் எழுதியதில் எனக்குப் பிடித்த பழைய பதிவு ஒன்று என் புக்மார்க்கில் இருக்கிறது. அதைத் தட்டினேன். 404, அதாவது 'அப்படி ஒரு பக்கம் இல்லை'.

"அதெல்லாம் மாறிடுச்சுண்ணே. பழைய லிங்க்கை இப்ப யாரு பாக்கப் போறாங்க?"

பத்து வருடத்துக்கு முன் இதே வார்த்தைகளை நானும் சொல்லியிருக்கிறேன். அந்தக் கடுப்பில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். படத்தின் அளவைக் குறையுங்கள், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் கடவுச்சொல்லை ஏற்றாதீர்கள் என்பதையெல்லாம் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் ஒருமுறை அடிபட்டால் தானாக வரும்.

கருவி தேடியே காலம் போவது

தளம் கட்டும் கருவிகளில் எது நல்லது, ஹியூகோவா, எலவெண்டியா, ஆஸ்ட்ரோவா? என் தளத்தில் முதல் இரண்டு வருடத்தில் இருந்தவை இரண்டே பதிவுகள். ஒன்று, ஏன் இந்தக் கருவிக்கு மாறினேன் என்பது. இன்னொன்று, ஏன் அதை விட்டு வேறு கருவிக்கு மாறினேன் என்பது.

பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் மொழிதான் எச்டிஎம்எல். ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பில் தொடங்குங்கள். 2013-ல் வந்த நியோசிட்டீஸ் போன்ற இடத்தில் இலவசமாகவே ஏற்றலாம். தலைப்பகுதியில் வியூபோர்ட் வரியை, அதாவது திரையின் அகலத்துக்கே பக்கத்தைக் காட்டச் சொல்லும் வரியை, மட்டும் மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் கைப்பேசி உங்கள் பக்கத்தை ஏதோ 980 பிக்சல் அகல மேசைக்கணினிப் பக்கம் என்று எடுத்துக்கொண்டு, எழுத்தை எறும்பு அளவுக்குச் சுருக்கிவிடும். பத்துப் பதிவு எழுதிய பிறகு கருவியைப் பற்றி யோசிக்கலாம்.

பழைய முகவரியை உடைப்பது

இதில்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் தளம் ஒரு கட்டத்தில் வேர்ட்பிரஸில் இருந்தது. ஒவ்வொரு பதிவின் முகவரியிலும் வருடம், மாதம், அப்புறம் தலைப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சுமார் அறுபது பதிவுகளையும் வேறு கருவிக்கு மாற்றினேன். வருடமும் மாதமும் அசிங்கமாகத் தெரிந்ததால் தூக்கிவிட்டேன். இரவு எல்லாம் சரியாக ஓடியது. முகப்பிலிருந்து ஒவ்வொரு இணைப்பாகத் தட்டிப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

இந்தத் தவறின் விஷமே அதுதான். உடைந்தது உங்கள் கண்ணில் படாது. உங்கள் முகப்பில் இருப்பவை எல்லாம் புதிய முகவரிகள். பழையவை இருப்பது அடுத்தவர் பதிவில், யாரோ யாருக்கோ அனுப்பிய மின்னஞ்சலில், நீங்கள் கை வைக்கவே முடியாத இடங்களில். 404-ஐப் பார்த்தவர் உங்களுக்குப் புகார் எழுத மாட்டார். பேசாமல் மூடிவிட்டுப் போவார்.

எனக்கு ஒருவர் எழுதினார், நான்கு மாதம் கழித்து. அவர் ஓர் ஆசிரியை. வலைப்பக்கத்தில் எழுத்துரு சேர்ப்பது பற்றி நான் எழுதியதைப் பாடக்குறிப்பில் கொடுத்திருந்தாராம். "பக்கம் வரவில்லை என்று மாணவர்கள் சொல்கிறார்கள். எடுத்துவிட்டீர்களா சார்?" என்று கேட்டிருந்தார். எடுக்கவில்லை, இதோ புது முகவரி என்று பெருமையாக அனுப்பினேன். குறிப்பை ஏற்கெனவே அச்சடித்துக் கொடுத்தாயிற்று என்று பதில் வந்தது.

இதோடு திருந்தியிருக்க வேண்டும். அடுத்த வருடம் பதிவுகளை வகை பிரித்து, வகையின் பெயரை முகவரியில் நுழைத்தேன். இந்த முறை ஓடையும், அதாவது புதுப்பதிவுகளைச் சந்தாதாரர்களின் படிப்பான் செயலிகளுக்குக் கொண்டுபோகும் ஆர்எஸ்எஸ் கோப்பும், சேர்ந்து கெட்டது. என் ஆர்எஸ்எஸ் ஓடையில் பதிவின் அடையாளமே அதன் முகவரிதான். முகவரி மாறியதும் படிப்பான்கள் அத்தனையையும் புதுப்பதிவு என்று எடுத்துக்கொண்டு, சந்தா வைத்திருந்த எல்லாருக்கும் ஒரே காலையில் மொத்தத்தையும் கொட்டின. கொஞ்சப் பேர் அன்றே சந்தாவை எடுத்துவிட்டார்கள். நானாக இருந்தாலும் எடுத்திருப்பேன்.

நல்ல முகவரி மாறக் கூடாது என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே எழுதிவிட்டார். எழுதியவர் பெயர், தலைப்பு வகை, கோப்பின் பின்னொட்டு, உள்ளே ஓடும் மென்பொருளின் அடையாளம் எதுவும் முகவரியில் வேண்டாம், அவை மாறக்கூடியவை என்கிறார். உருவான தேதி இருக்கலாம், அது மாறாது. நான் அசிங்கம் என்று தூக்கிய வருடம்தான் இருந்திருக்க வேண்டியது. ஆசையாகச் சேர்த்த வகைதான் கூடாதது! ஆறுதலுக்கு ஒன்று: செர்ன் ஆய்வுக்கூடத்தில் இருந்த உலகின் முதல் இணையதளத்துக்கும் இந்தக் கதி நேர்ந்திருக்கிறது. 2013-ல்தான் அதைப் பழைய முகவரியிலேயே திரும்ப வைத்தார்கள்.

மாற்றியே தீர வேண்டுமென்றால், கை வைக்கும் முன் இப்போதுள்ள முகவரிகள் அத்தனையையும் ஒரு கோப்பில் எடுத்து வையுங்கள். தளத்தை ஏற்றிவைக்கும் நெட்லிஃபை, கிளவுட்ஃபிளேர் பேஜஸ் போன்றவற்றில் ஒரு சாதாரண உரைக்கோப்பு போதும். வரிக்கு ஒன்றாக, பழைய முகவரி, ஓர் இடைவெளி, புதிய முகவரி, ஓர் இடைவெளி, 301. நிரந்தரமாகக் குடிபெயர்ந்துவிட்டது என்பதுதான் 301. 302 என்றால் தற்காலிகம், அது இங்கே உதவாது. கிட்ஹப்பின் தளம் ஏற்றும் வசதியான கிட்ஹப் பேஜஸில் 301 கொடுக்க வழியில்லை. பழைய முகவரியில் ஒரு குட்டிப் பக்கம் வைத்து, அங்கிருந்து தள்ளிவிட வேண்டும். எல்லாப் பழைய முகவரியையும் முகப்புக்குத் திருப்பும் சோம்பேறி வழியும் இருக்கிறது. அதையும் செய்து பார்த்தேன். வருகிறவருக்குத் தேடி வந்தது போய்விட்டதா, இங்கேதான் எங்கேயோ இருக்கிறதா என்றே தெரியாது. அதற்கு 404 மேல்.

பட்டியல் எடுக்காமலே மாற்றித் தொலைத்தவர்கள் பழைய வலைப்பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் தங்கள் தளத்தின் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். என் பழைய முகவரிகளில் பாதி அங்கேதான் கிடைத்தன.

தமிழிலேயே முகவரி வைப்பவர்களுக்கு ஒரு சொல். எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். முகவரியை நகலெடுக்கும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாக விரியும். 'வணக்கம்' என்பதில் புள்ளிகளையும் சேர்த்து 7 குறிகள். ஆக, ஒரு வணக்கத்துக்கு 63 எழுத்து. தவறு என்று சொல்லவில்லை. தலைப்பு முழுவதையும் முகவரியில் போடாமல் இரண்டு சொல்லோடு நிறுத்துங்கள், பிறகு மாற்றாதீர்கள்.

தம்பியை அன்று மாலையே உட்கார வைத்தேன். 38 வரி, அரை மணி நேரம். என் புக்மார்க் திறந்தது.

அடுத்தவர் பெயரின் கீழ் குடியிருப்பது

இலவசமாகத் தளம் வைக்க இடம் கொடுத்த ஜியோசிட்டீஸை யாஹூ 2009-ல் இழுத்து மூடியபோது கோடிக்கணக்கான பக்கங்கள் வீதிக்கு வந்தன. ஆர்வலர்கள் ஓடி ஓடி ஒரு பகுதியைக் காப்பாற்றினார்கள். தளம் எங்கே இருந்தாலும் சரி, டொமைன், அதாவது தளத்தின் பெயர், உங்களுடையதாக இருக்கட்டும். தானியங்கிப் புதுப்பிப்பையும், அதிலிருக்கும் அட்டை காலாவதியாகவில்லையா என்பதையும் இன்றே பாருங்கள்.

கருத்துப் பெட்டி

வேண்டாம். மின்னஞ்சல் முகவரி போதும்.

பார்வையாளர் எண்ணிக்கை

முதல் வருடம் பார்க்காதீர்கள்.

ஓடை வைக்காமல் விடுவது

ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013-ல் மூடப்பட்டதும் ஆர்எஸ்எஸ்ஸுக்குக் காரியம் செய்துவிட்டார்கள். பாட்காஸ்ட்கள் இன்றும் அதில்தான் ஓடுகின்றன. வையுங்கள்.

காணொளி பார்த்தே கற்றுக்கொள்வது

எதையாவது சரிபார்க்க எம்டிஎன் என்ற வலை ஆவணத் தளம் இருக்கிறது. ஒரு வசதி எந்த உலாவியில் வேலை செய்யும் என்பதற்கு கேன் ஐ யூஸ் தளம். பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழிதான் சிஎஸ்எஸ். 2003-ல் தொடங்கிய சிஎஸ்எஸ் ஜென் கார்டன் தளத்தை ஒருமுறையாவது பாருங்கள். எச்டிஎம்எல் ஒன்றுதான், அதில் ஓர் எழுத்துகூட மாறாது. சிஎஸ்எஸ் மட்டும் மாறி மாறி ஒவ்வொரு முறையும் வேறொரு தளம் வந்து நிற்கும். சட்டையை மாற்ற வீட்டை மாற்ற வேண்டியதில்லை என்று எனக்கு உறைத்தது அங்கேதான்.

ஆனால் உண்மையான சந்தோஷம் தனிமனிதர்களின் தளங்களுக்குள் புகுந்து கன்ட்ரோல்-யூ தட்டி, பக்கத்தின் மூல நிரலைப் பார்ப்பதில் இருக்கிறது. பெரிய நிறுவனங்களின் பக்கத்தில் தட்டினால் நெரித்துச் சுருக்கிய ஒற்றை வரி வரும். கையால் எழுதியவர் பக்கத்தில் ஆளே தெரிவார். ஒருமுறை யாரோ ஒருவரின் சிஎஸ்எஸ்ஸில் அழகான கிரிட் (கட்ட அமைப்பு) ஒன்றைப் பார்த்தேன். அதற்கு மேலே ஒரு குறிப்பு: 'இது எப்படி வேலை செய்கிறது என்று எனக்கே தெரியாது, தொடாதீர்கள்.' கிரிட்டை எடுத்துக்கொண்டேன், குறிப்போடு சேர்த்து. ஆறு வருடமாக என் தளத்தில் இருக்கிறது. நானும் தொடவில்லை.