தடம் புரண்ட கூட்ஸ் வண்டி: சுத்தம் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூளூர்பேட்டை, தடா பக்கம் தண்டவாள ஒப்பந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பையன்களைப் பார்க்கிறேன். நான் அந்தக் காலத்தில் செய்த அதே கோளாறுகளை வரிசைகூட மாறாமல் செய்கிறார்கள். ஹெல்மெட், பூட்ஸ் சமாச்சாரமெல்லாம் மேஸ்திரியே சொல்லிவிடுவார், அதை விட்டுவிடுகிறேன்.

அறுந்து கிடக்கும் கரண்ட் கம்பி

25,000 வோல்ட். "லைன் ஆஃப்" என்று யாரோ சொன்னது போதாது, இரண்டு பக்கமும் எர்த் மாட்டியதைக் கண்ணால் பாருங்கள்.

டீசலில் நனைந்த மண்ணை மூடிவிட்டு லைன் போடுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சலாக வருகிறது. ஒரு டேங்க் வேகனில் சுமார் 70 ஆயிரம் லிட்டர் டீசல் பிடிக்கும். 2025 ஜூலையில் திருவள்ளூர் அருகே டீசல் வண்டி எரிந்தபோது ஊரே புகையைத்தான் அண்ணாந்து பார்த்தது. மண்ணுக்குள் இறங்குவது யார் கண்ணிலும் படாது.

நான் புதிதாக இருந்த அந்தக் காலத்தில் ஒருநாள் எங்களிடம் கவிழ்ந்தது ஒரே ஒரு டீசல் வேகன். கிரேன் அதைத் தூக்கி ஓரம் போட்டதுமே போன் மேல் போன், பின்னால் வண்டிகள் நிற்கின்றன, லைனைத் திறங்கள் என்று. ஜேசிபியை விட்டு மேலாக ஒரு முழம் வழித்தோம், புது ஜல்லி கொட்டினோம், ஸ்லீப்பர் போட்டோம், சாயங்காலம் முதல் வண்டி தாண்டியபோது கை தட்டினோம். நானும்தான் தட்டினேன்.

இங்கே மணல் கலந்த மண், ஊற்றும் மேலேயே இருக்கும். டீசல் நேராக இறங்கி நிலத்தடி நீரின் மேல் மிதக்கும், மழையில் நீர் ஏறினால் கூடவே ஏறும், நீர் போகிற பக்கம் நகரும். ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், லைனுக்குக் கிழக்கே கிணறு வைத்திருந்த அம்மா ஒரு குடத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "நீயே குடிச்சுப் பாருப்பா" என்றார். தண்ணீர் மேல் மயில் கழுத்து நிறத்தில் ஒரு ஏடு. அப்புறம் என்ன, மறுபடி பிளாக் (வேலைக்காக வண்டிகளை நிறுத்தி வைக்கும் அனுமதி) வாங்கி, போட்ட லைனையே பிரித்து, ஆள் உயரத்துக்குத் தோண்டினோம். கூலி, ஜல்லி, நாள் எல்லாமே இரட்டை.

அமெரிக்காவில் ஈஸ்ட் பாலஸ்தீன் என்ற சின்ன ஊரிலும் இதே கதைதான். 2023 பிப்ரவரி 3-ல் ரசாயன வண்டி தடம் புரண்டது, ஒரு வாரத்துக்குள் வண்டிகள் ஓடத் தொடங்கின, மார்ச்சில் தண்டவாளத்தைப் பெயர்த்து அடிமண்ணை அள்ள ஆரம்பித்தார்கள்.

அதனால் ஜல்லி இறங்கும் முன்பே குழி எடுங்கள். ஒவ்வொரு அடி ஆழத்துக்கும் ஒரு பிடி மண்ணைத் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குலுக்குங்கள். ஏடு மிதந்தால் இன்னும் தோண்ட வேண்டும். குலுக்கிப் பார்ப்பது அங்கேயே முடிவெடுக்கத்தான், மண்ணை ஆய்வுக்கும் அனுப்பியாக வேண்டும். மேலே இருப்பவர்கள் முறைப்பார்கள், முறைக்கட்டும்.

அள்ளிய மண்ணை வெறும் தரையில் குவிப்பது

தார்ப்பாய் மேலே மட்டும் போதாது, கீழேயும் வேண்டும்.

வேகனிலிருந்து கொட்டிய யூரியாவைத் தண்ணீர் விட்டுக் கழுவுவது

இடம் பளிச்சென்று ஆகிவிடும், சரி. பள்ளத்தில் தேங்கியதை மாடு குடித்தால் செத்துப்போகும். துடைப்பமும் முறமும் எடுங்கள்.

வேடிக்கை பார்ப்பவர்களை விட்டுவிடுவது

கேனோடும் குடத்தோடும் வந்துவிடுவார்கள். தமிழ், தெலுங்கு இரண்டிலும் கத்தத் தெரிந்த ஒருவரை முதல் வேலையாக நிறுத்துங்கள். வாயில் புகைகிற பீடியோடு டீசல் பிடிக்கக் குனிந்த ஒரு பெரியவரை நான் இடுப்பைப் பிடித்து இழுத்திருக்கிறேன்.