ரைஃபிளில் முன்பிடி வேண்டுமா? என் அனுபவம்

செங்குத்து முன்பிடி (குழலுக்குக் கீழே நேராகத் தொங்கும் கைப்பிடி) மாட்டிய பிறகு, நின்று சுடும்போது குண்டுகள் இடப்பக்கம் விலகின. 100 மீட்டரில் கொஞ்சம்தான், 300 மீட்டரில் நன்றாகவே. மணல் மூட்டையில் வைத்துச் சுட்டாலோ நடுவிலேயே விழுந்தன.

ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) திருகுகளை இறுக்கினேன், தோட்டாவை மாற்றினேன், ஜீரோவை, அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பை அமைத்திருப்பதை, மறுபடி சரிபார்த்தேன். பலன் இல்லை. முன்பிடியின் திருகும் தளரவில்லை.

அப்புறம் ஸ்கோப் மேல் சின்ன ரசமட்டம் பொருத்திப் பார்த்தேன். முழுக் கையால் முன்பிடியைப் பற்றிப் பின்னுக்கு இழுத்ததும் குமிழ் நகர்ந்தது, ரைஃபிள் இடப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்தால் குண்டு சாய்ந்த பக்கமே போகும், சற்றுக் கீழும் இறங்கும். தூரம் கூடக்கூட விலகலும் பெருகும். மூட்டையில் முன்பிடியைத் தொடாததால் இது தெரியவே இல்லை.

முன்பிடியை முழுதாகப் பற்றுவதை விட்டேன். உள்ளங்கை ஹேண்ட்கார்டின் (குழலைச் சுற்றியுள்ள உறை) பக்கவாட்டில், கீழ் விரல்கள் மட்டும் முன்பிடியில், அதுவும் கை நிற்கும் இடத்துக்கு ஒரு தடுப்பாக. குமிழ் நடுவில் நின்றது, விலகலும் போயிற்று. அப்பாடா!

இப்படிப் பிடிக்க நீளமான பிடி தேவையே இல்லை. அதைக் கழற்றிவிட்டுக் குட்டையான கைத்தடுப்பு மாட்டிவிட்டேன். மூட்டையில் வைக்கும்போது இடிப்பதும் இல்லை. ரைஃபிளின் முன்பகுதி கனமாக இருந்தால் மட்டும் முழுப் பிடியை யோசிக்கலாம்.