மலைக்குப் புதிதாகக் குடிவருபவர்களுக்கு: பெல்லட் அடுப்பு சரியாக எரியாவிட்டால்

வெளிநாட்டில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு குன்னூர், கோத்தகிரி, உதகைப் பக்கம் வீடு கட்டிக் குடியேறுகிறவர்களில் சிலர், அங்கே குளிர்காலத்துக்குப் பழகிப்போன பெல்லட் அடுப்பை இங்கேயும் பொருத்திக்கொள்கிறார்கள். மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை (அவைதான் பெல்லட்) மின்சாரத்தின் துணையோடு தானே உள்ளே தள்ளி எரித்து, அறையைச் சூடாக்கும் அடுப்பு இது. அங்கே கோளாறு வந்தால் அதற்கென்று பயிற்சி பெற்றவர் வருவார். இங்கே வருபவர் பெரும்பாலும் கீஸரும் தண்ணீர் மோட்டாரும் பார்க்கிற எலெக்ட்ரீஷியன்தான். ஆகவே புதிதாகப் பொருத்திய அடுப்பு புகைந்தாலோ, கண்ணாடி ஒரே மாலையில் கறுத்துப்போனாலோ, முதலில் எங்கே பார்க்க வேண்டும் என்பதை வீட்டுக்காரரே தெரிந்துவைத்திருப்பது நல்லது.

நன்றாக எரியும் அடுப்பின் சுடர் வெளிர்மஞ்சளாக, துடிப்பாக இருக்கும். கண்ணாடியில் படிவது துணியால் துடைத்தால் போய்விடுகிற சாம்பல்நிறத் தூசியாகவே இருக்கும். காற்று போதாத அடுப்பின் சுடர் உயரமாக, சோம்பலாக, நுனியில் கறுப்புப் புகையோடு ஆடும். கண்ணாடியில் கரி ஒட்டும். பெல்லட் விழுந்து எரியும் துளையிட்ட கிண்ணமான எரிகிண்ணத்தில் முழுதாக எரியாத பெல்லட் குவியும். இந்த இரண்டாவது நிலையைக் கண்டதும் பலர் பெல்லட் தரமில்லை என்று விற்றவரிடம் சண்டைக்குப் போகிறார்கள். மலையில் என் அனுபவத்தில் முதல் சந்தேகம் காற்றின் மேல்தான் விழ வேண்டும்.

காரணம் எளிது. உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. குன்னூர், கோத்தகிரி உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். அடுப்பின் விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் உள்ளே வரும் பிராணவாயு குறைந்துவிடுகிறது. ஆனால் பெல்லட்டைத் தள்ளும் ஸ்க்ரூவோ தொழிற்சாலையில் வைத்த கணக்குப்படியே தள்ளிக்கொண்டிருக்கிறது. பல மாடல்களில் உயரத்துக்கேற்ப விசிறி வேகத்தைக் கூட்டவும், பெல்லட் வரத்தைக் குறைக்கவும் அமைப்பு உண்டு. அது பொருத்துபவருக்கான மெனுவில் மறைந்திருக்கும். கையேட்டைப் பார்த்து ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அரை மணி நேரமாவது எரியவிட்டுச் சுடரைக் கவனியுங்கள். இரண்டையும் ஒன்றாகத் திருப்பினால் எதனால் சரியானது என்பது தெரியாமல் போய்விடும்.

மெனுவைத் தொடும் முன்பே பார்க்க வேண்டிய சில சில்லறை விஷயங்கள் இருக்கின்றன. புது அடுப்பில் பாதிக் கோளாறு அங்கேதான் ஒளிந்திருக்கும். கோத்தகிரியில் ஒரு வீட்டில் அடுப்பு நாள்கணக்கில் புகைந்துகொண்டிருந்தது. பின்பக்கம் காற்று நுழையும் குழாயின் வாயில், போக்குவரத்தின்போது தூசி புகாமலிருக்க மாட்டியிருந்த பிளாஸ்டிக் மூடி அப்படியே இருந்தது. சுவரோடு ஒட்டி நின்ற அடுப்பை ஒரு சாண் முன்னே இழுத்தபோதுதான் அது கண்ணில் பட்டது. எரிகிண்ணமும் அப்படியே: சுத்தம் செய்துவிட்டுத் திரும்ப வைக்கும்போது அது தன் இருக்கையில் அழுந்தி உட்காராமல் ஒரு நூல் தூக்கியிருந்தால்கூட, துளைகள் வழியே மேலேற வேண்டிய காற்று பக்கவாட்டில் நழுவிவிடும். கதவைச் சுற்றியுள்ள கேஸ்கெட் கயிற்றைச் சோதிக்க, அடுப்பு ஆறியிருக்கும்போது ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் தடையின்றி உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று கசிகிறது. இதைக் கதவின் நான்கு பக்கமும் செய்ய வேண்டும். கீல் பக்கத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

புகைக்குழாயில் வளைவுகள் கூடக்கூட, புகையை வெளியே இழுக்கும் இழுவை குறையும். உயரமான இடங்களில் 80 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதில் 100 மில்லிமீட்டர் குழாயைப் போடச் சொல்கிற கையேடுகள் உண்டு. அதைச் செலவு என்று தள்ளிவிட வேண்டாம். குழாயின் வாய் தென்மேற்குப் பருவக்காற்று நேரே அடிக்கும் பக்கம் திறந்திருந்தால், ஜூன், ஜூலையில் காற்று உள்ளே திருப்பியடிக்கும்.

வீட்டையும் சோதியுங்கள். குளிருக்குப் பயந்து ஜன்னல் இடுக்கெல்லாம் அடைத்த புது வீட்டில், சமையலறைப் புகையுறிஞ்சி ஓடும்போது மட்டும் அடுப்பு மங்கினால், இரண்டும் ஒரே காற்றுக்குப் போட்டியிடுகின்றன என்று பொருள். அருகிலுள்ள ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்ததும் சுடர் தெளிந்தால், வெளிக்காற்றை நேரே அடுப்புக்குக் கொண்டுவரும் தனிக்குழாய் தேவை. ஓட்டு வீடான பழைய பங்களாக்களில் இந்தத் தொல்லை அனேகமாக வராது. அங்கே காற்று எங்கிருந்து வருகிறது என்பதுதான் புரியாது.

அமெரிக்காவிலிருந்து அடுப்பைக் கொண்டுவந்தவர்களுக்கு இன்னொரு விஷயம். அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்குமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. ஆகவே அந்த அடுப்புகளில் உள்ள சாதாரண ஏ.சி. மோட்டார் விசிறி ஆறில் ஒரு பங்கு வரை மெதுவாகச் சுழலும். மெல்லிய மலைக்காற்றோடு இதுவும் சேர்ந்துகொள்ளும். ஐரோப்பிய அடுப்புகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மாலையில் வோல்டேஜ் இறங்கும் தெருக்களில் எந்த நாட்டு அடுப்புக்கும் ஸ்டெபிலைசர் அவசியம்.

காற்றுக் கணக்கெல்லாம் சரியாக இருந்தும் சுடர் தெளியவில்லையென்றால் பெல்லட்டைப் பார்க்கலாம். ஐரோப்பாவின் ஈ.என்.பிளஸ் ஏ1 தரத்தில் ஈரம் 10 சதவீதத்துக்கும் சாம்பல் 0.7 சதவீதத்துக்கும் மிகக்கூடாது. சமவெளியிலிருந்து இங்கே வரும் மூட்டைகள் பெரும்பாலும் பாய்லருக்கென்று தயாரானவை; மரத்தூளோடு கடலைத்தோலோ உமியோ கலந்திருந்தால் சாம்பல் பல மடங்கு கூடி, கிண்ணத்தின் துளைகளை அடைக்கும் கெட்டியான கிட்டமாக இறுகிவிடும். தூய மரத்தூள் பெல்லட்தானா என்று கேட்டு வாங்குங்கள். நல்ல பெல்லட் விரலால் ஒடித்தால் டக்கென்று முறியும். ஈரம் ஏறியது மொறமொறப்பின்றி உதிரும். மூடுபனி வீட்டுக்குள்ளேயே உலவுகிற ஊரில் திறந்த மூட்டையைத் தரையில் வைப்பது வீண்; மூடியுள்ள டிரம்மில் கொட்டி, பலகையின் மேல் வையுங்கள்.

முதல்முறை பற்றவைக்கும்போது ஸ்க்ரூ காலியாக இருப்பதால் பெல்லட் வந்துசேரச் சில நிமிடம் பிடிக்கும், தீப்பற்றாமல் அடுப்பு தானே நின்றும்விடலாம். பெயின்ட் வாடையும் அடிக்கும். இவை கோளாறல்ல. ஆனால் பற்றாமல் நின்ற ஒவ்வொரு முறையும் கிண்ணத்தில் குவிந்ததை முழுவதும் அள்ளி எடுத்த பிறகே மறுபடி இயக்க வேண்டும். குவியல் புகைந்து, அந்தப் புகை திடீரென்று தீப்பிடித்தால் கண்ணாடி தெறிக்கும் அளவுக்கு வெடிக்கக்கூடும். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்கும் பழக்கத்தை இந்த அடுப்பிடம் காட்டவே கூடாது.

மின்சாரம் போனால் விசிறி நின்று, பாதி எரிந்த பெல்லட்டின் புகை அறைக்குள் திரும்பும். சைன் வேவ் இன்வெர்ட்டர் ஒன்றை அடுப்புக்கென ஒதுக்குங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் விசிறி முனகுமே தவிர ஒழுங்காக இழுக்காது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. மூடிய அறையில் கரிநெருப்பு வைத்துத் தூங்கியவர்கள் இறந்த செய்தி கொடைக்கானலிலிருந்தும் வந்திருக்கிறது. அதற்கான அலாரம் ஒன்றைப் படுக்கையறையில் மாட்டி, தலைவலியும் குமட்டலும் வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாக வந்தால் உடனே கதவுகளைத் திறந்து வெளியேறிவிடுங்கள்; அடுப்பை அணைப்பதற்காகத் திரும்ப உள்ளே போக வேண்டாம்.