ஊரில் அரசுக் கட்டடம் வருகிறதா? எஸ்டிமேட் போடும்போதே போய் நில்லுங்கள்

புது அங்கன்வாடி, நூலகம், பள்ளி வகுப்பறை என்று ஏதாவது ஒன்று ஊருக்கு வரும்போது நாம் எல்லோரும் பூமி பூஜை அன்றுதான் போய் நிற்கிறோம். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். டெண்டர் விட்டபின் ஒரு ஜன்னலை இடம் மாற்றவே ஆறு கையெழுத்து வேண்டும். கடலூர் பக்கம் பதினெட்டு வருஷமாக சைட் சூப்பர்வைசராக இருக்கிறேன், சுற்றுச்சூழலுக்கு ஏற்ற கட்டடமா இல்லையா என்பது எஸ்டிமேட் காகிதத்திலேயே முடிவாகிவிடுகிறது என்பதை ஒவ்வொரு வேலையிலும் பார்த்திருக்கிறேன்.

முதலில் விதி என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். மத்திய அரசின் எரிசக்தி சேமிப்புக் கட்டட விதித் தொகுப்பு 2007-இல் வந்தது, 2017-இல் திருத்தினார்கள். அது 100 கிலோவாட் மின் இணைப்பும் அதற்கு மேலும் உள்ள பெரிய கட்டடங்களுக்கு. கிரிஹா என்ற நட்சத்திரத் தரச்சான்று இருக்கிறது, ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை தருவார்கள். 2,500 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடங்களுக்கு அதிலேயே ஸ்வாகிரிஹா என்று எளிமையான ஒரு வகையும் உண்டு. உங்கள் ஊர் நூலகம் முதல் விதிக்குள் வராது, நட்சத்திரம் வாங்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவும் மாட்டார்கள். அதனால் நாம்தான் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு வழி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எஸ்டிமேட், வரைபடம் இரண்டின் நகலும் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். கிராம சபையில் தீர்மானமாகப் போடுங்கள். பள்ளிக் கட்டடம் என்றால் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகக் கேளுங்கள். புதுச்சேரியில் இருப்பவர்கள் கொம்யூன் பஞ்சாயத்துக்கும் பொதுப்பணித் துறைக்கும் எழுத்தில் மனு கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது எதுவும் நிற்காது.

சரி, வரைபடம் கையில் வந்துவிட்டது. முதலில் வடக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள். கட்டடத்தின் நீளமான பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்த்திருக்க வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் சுவரைக் காய்ச்சுவது கிழக்கு வெயிலும் மேற்கு வெயிலும்தான். மேற்கு ஜன்னலுக்கு சன் ஷேடு போட்டும் பிரயோஜனம் இல்லை. மூணு மணிக்கு மேல் வெயில் சாய்ந்து அதற்குக் கீழாகவே உள்ளே வந்துவிடும். அந்தப் பக்கம் கழிப்பறை, மாடிப்படி, ஸ்டோர் ரூம் போடச் சொல்லுங்கள், வெளியே ரெண்டு புங்கன் வையுங்கள். வடக்கு ஜன்னலுக்கு சன் ஷேடு தேவையில்லை என்பார்கள், நம்பாதீர்கள். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வடக்கேதான் போகிறது. அப்புறம், மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வரும், அது நுழைய ஒரு திறப்பும் எதிர்ப்பக்கம் வெளியேற ஒரு திறப்பும் வேண்டும். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி 1930களில் தொடங்கிய கான்கிரீட் கட்டடம். வடக்கு, தெற்கு முகப்பு முழுக்கக் கையால் திருப்பும் பட்டைகள்தான், ஏசி கிடையாது.

சுவருக்குச் சூளைச் செங்கல் என்று இருந்தால், அனல் மின் நிலையச் சாம்பலில் செய்யும் சாம்பல் கல்லாக மாற்றச் சொல்லுங்கள். நெய்வேலி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. அனல் மின் நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் நடக்கும் கட்டட வேலைக்கு, விலை கூடாமல் கிடைத்தால், சாம்பல் கல் போன்ற சாம்பல் பொருள்களைப் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசின் 2021 அறிவிக்கையே சொல்கிறது. மனுவில் இதை எழுதினாலே பாதி வேலை முடிந்தது. ஆரோவில்லில் 5 சதவீத சிமெண்ட் சேர்த்து அழுத்திச் செய்யும் மண் கல்லும் அருமையானது, சூளையே வேண்டாம், ஆனால் அதற்குப் பழகிய கொத்தனார் வேண்டும். அரசு வேலைக்குச் சாம்பல் கல்தான் சுலபம் என்பது என் அனுபவம். லோடு வந்ததும் காய்ந்த கல் ஒன்றை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துத் திரும்ப எடை போடுங்கள். 3 கிலோ கல் 600 கிராமுக்கு மேல் குடித்திருந்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்பச் சொல்லலாம்.

மொட்டை மாடிக்குத் தட்டோடு பதித்து, மேலே வெள்ளைப் பூச்சு. இரண்டாயிரம் சதுர அடி மாடியில் வருஷத்துக்கு 1,200 மில்லிமீட்டர் மழை என்று வைத்தாலே இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது, அதைத் தெருவில் விடாமல் தொட்டிக்கோ உறை கிணற்றுக்கோ கொண்டுபோகக் குழாய் எஸ்டிமேட்டில் இருக்கிறதா பாருங்கள். பேஸ்மட்டம் எவ்வளவு உயரம் என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள், 2015 வெள்ளம் எந்தப் படிவரை ஏறியது என்று அவர்களுக்குத்தான் தெரியும். வெள்ளம் வந்தால் ஊரே தங்கப்போவது அந்தக் கட்டடத்தில்தான்.

இப்போது எனக்கு மனசு அடித்துக்கொள்ளும் விஷயத்துக்கு வருகிறேன். கடலோர ஊர் ஒன்றில் அங்கன்வாடி ஒன்றை இடிக்க என்னை அனுப்பினார்கள். கட்டி பதினான்கு வருஷம்தான் ஆகியிருந்தது. கூரையில் சிமெண்ட் பெயர்ந்து கம்பி வெளியே தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன், கம்பி துருத்தூளாக உதிர்ந்தது. பெயர்ந்த இடத்தில் கம்பிக்குக் கீழே எவ்வளவு கான்கிரீட் இருந்தது என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 12 மில்லிமீட்டர். குழந்தைகள் தூங்கும் அறை அது. ஒரு டன் சிமெண்ட் தயாரிக்க அரை டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியாகிறது, அந்த ஊருக்கு இரண்டு தடவை அது செலவாகிவிட்டது. உப்புக் காற்று அடிக்கும் ஊரில் ஐம்பது வருஷம் நிற்கும் கட்டடத்தைவிடப் பசுமையான கட்டடம் எனக்குத் தெரியாது.

இந்தியத் தர நிர்ணய விதி ஐஎஸ் 456 கடலோரத்தைக் 'கடுமையான சூழல்' என்கிறது. அங்கே கம்பிபோட்ட கான்கிரீட்டின் வலிமைத் தரம் குறைந்தது எம் 30, கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம் குறைந்தது 45 மில்லிமீட்டர். உள் மாவட்டத்துக்குப் போட்ட டிசைன் எம் 20 என்றே அப்படியே இங்கு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன், எஸ்டிமேட்டில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள். சிமெண்ட், சாம்பலோ இரும்பாலைக் கசடோ கலந்த வகையாக இருக்கட்டும், உப்பு உள்ளே இறங்குவதை அதுதான் நன்றாகத் தடுக்கும். கலக்கும் தண்ணீருக்குச் சோதனை அறிக்கை கேளுங்கள், குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது; கடற்கரையோரம் போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு.

கான்கிரீட் போடும் நாளுக்கு முந்தின சாயங்காலம் சென்ட்ரிங் பலகை மேல் ஏறிப் பாருங்கள். கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டை, அதாவது கவர் பிளாக், கம்பிக்கு அடியில் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஜல்லித் துண்டைச் செருகியிருந்தால் போட்டோ எடுத்து ஓவர்சியருக்கு அன்றே அனுப்புங்கள். அந்த 12 மில்லிமீட்டர் அப்படித்தான் வந்தது, ஆட்கள் மிதித்ததும் ஜல்லி நகர்ந்து கம்பி பலகையில் உட்கார்ந்துவிடும். அதன்பின் குறைந்தது பத்து நாள், வெயில் காலமானால் பதினான்கு நாள், தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிற்க வேண்டும், தூணில் சாக்கு சுற்றி நனைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதான் இது தவறும், வேலையாட்கள் வரமாட்டார்கள். அன்றைக்கு யாராவது ஒருவர் போய்ச் சாக்கைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மேஸ்திரிக்குப் போன் போட்டுவிட்டு, அவர் வரும்வரை காத்திருக்காமல் பக்கத்து வீட்டில் ரெண்டு குடம் நல்ல தண்ணீர் வாங்கி ஊற்றிவிடுங்கள்.