வெந்தய வரியனா, ஃபிரிட்டிலரியா? பெயர் சொல்லும் முன் கவனிக்க வேண்டியவை

இந்தியன் ஃபிரிட்டிலரி என்னும் வண்ணத்துப்பூச்சியை அடையாளம் காண்பதில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை, இறக்கையின் மேற்புறத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லிவிடும் அவசரத்தால் வருபவை. ஆண் செம்மஞ்சள் நிறத்தில் கரும்புள்ளிகளோடு இருக்கும். இமயமலையிலும் ஜப்பானிலும் காணப்படும் பெண்ணுக்கோ முன்னிறக்கையின் நுனிப்பாதி கருநீலமாகி, அதன் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை ஓடும். ஆகவே இரண்டையும் வேறு வேறு இனங்களாகக் குறித்துக்கொள்வோர் உண்டு. பெண்ணை வெந்தய வரியன் என்னும் வேறொரு வண்ணத்துப்பூச்சி என்றே எழுதிவிடுவோரும் உண்டு. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, பறவைகளையே ஏமாற்றும் வேடம் அது. எருக்கிலை தின்று வளரும் வெந்தய வரியனின் உடலில் நச்சு தங்கிவிடுவதால் பறவைகள் அதை ஒதுக்குகின்றன. அந்தச் சாயலைப் பூண்ட ஃபிரிட்டிலரிப் பெண்ணும் உடன் தப்பிக்கிறது.

பூச்சி இறக்கையை மூடி அமரும்வரை பொறுத்திருப்பதே வழி. ஃபிரிட்டிலரியின் பின்னிறக்கை அடிப்புறத்தில் பச்சை கலந்த பழுப்புத் திட்டுகளும் வெள்ளிநிறப் பொட்டுகளும் கட்டம் போட்டதுபோல் நெருங்கியிருக்கும். வெந்தய வரியனுக்கு அவ்விடம் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். அதன் தலையிலும் மார்பிலும் கறுப்பின்மேல் வெள்ளைப் பொட்டுகள் தெரியும். தோட்டங்களில் ஓயாமல் படபடக்கும் காமன் லெப்பர்டு என்னும் வண்ணத்துப்பூச்சிக்கும் அந்த வெள்ளிப் பொட்டுகள் கிடையா. நீலகிரி, பழனி மலைகளில் உள்ளவற்றைச் சிலர் தனி இனங்களாகவே பிரிப்பதால், இமயமலைப் படத்தை மட்டும் வைத்து அவற்றை ஒப்பிடுவதும் சரியாகாது.

வளர்ப்பவர்கள் செய்யும் பிழை வேறு. தேன்பூக்களை மட்டும் நட்டுவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை, ஏனெனில் புழுவுக்கு வயலட் குடும்பச் செடிகளே உணவு. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரச் சதுப்புகளில் காட்டு வயலட் குறையக் குறைய, அங்கிருந்த துணையினம் அழிவின் விளிம்புக்கே போய்விட்டது. ஜப்பானிலோ வீட்டுத் தொட்டிகளில் வளரும் பான்சி என்னும் வயலட் குடும்பப் பூச்செடிகளையே இதன் புழு தின்று வாழ்கிறது. கறுத்த உடல், முதுகில் சிவப்புக் கோடு, உடலெங்கும் முள் என்றிருக்கும் புழுவைக் கண்டதும் கம்பளிப்பூச்சி என அஞ்சி நசுக்கிவிடுகிறார்கள். அந்த முட்கள் மென்மையானவை, கொட்டுவதில்லை. நாற்றங்காலில் பூச்சிமருந்து ஏற்றப்பட்ட பான்சியை வாங்கி வைத்தால் புழு இலையைத் தின்றே சாகும். முட்டைகளும் எப்போதும் செடியில்தான் இருக்கும் என்பதில்லை. அருகில் கிடக்கும் சருகிலும் குச்சியிலும் இடுவதுண்டு என்பதால், செடியடியைச் சுத்தமாகக் கூட்டிவிடாமல் இருப்பது நல்லது.